கார்ல் வெபரின் வரைபடம்: ஹெர்குலேனியத்துப் பாப்பிரஸ் மாளிகை அகழாய்வு குறித்த நிகழ்வு ஆய்வு

இத்தாலியின் நேப்பிள்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த தளவரைபடம் ஒன்று இருக்கிறது. சுவர்கள், தூண் வரிசைகள், நீண்ட குளம், இவற்றினூடே எலிவளைகளைப் போல ஓடும் சுரங்கப் பாதைகள் ஆகியவை அதில் வரையப்பட்டுள்ளன. எந்த நாளில், எந்த இடத்தில், எந்தப் பொருள் கிடைத்தது என்ற குறிப்புகள் ஸ்பானிய மொழியில் நெருக்கி நெருக்கி எழுதப்பட்டுள்ளன. வரைந்தவர் கார்ல் வெபர் என்னும் சுவிட்சர்லாந்து நாட்டுப் படைப் பொறியாளர். அவர் வரைந்த கட்டடத்தை அவரும் முழுதாகப் பார்த்ததில்லை, அவருக்குப் பின் வந்த எவரும் பார்த்ததில்லை. விளக்கு வெளிச்சம் எட்டிய அளவுக்குத் தெரிந்த சுவர்த் துண்டுகளை அளந்து, அடியடியாகச் சேர்த்து, மண்ணுக்குள் இருந்த ஒரு மாளிகையை அவர் தாளில் எழுப்பினார். பாப்பிரஸ் என்னும் நாணல் தாளில் எழுதிய நூற்சுருள்கள் கிடைத்ததால், ஹெர்குலேனியம் என்ற பண்டைய ரோமானிய நகரின் பாப்பிரஸ் மாளிகை என்று இன்று உலகம் அறிவது பெரும்பாலும் இந்தத் தாளில் இருக்கும் மாளிகையைத்தான்.

அகழாய்வு என்றவுடன் நம் மனம் கிடைத்த பொருள்களை எண்ணத் தொடங்கிவிடுகிறது. இங்கே கிடைத்த பொருள்களுக்கும் குறைவில்லை. ஆயினும் இந்த நிகழ்வைக் கூர்ந்து படிக்கும்போது, பொருளைத் தோண்டி எடுத்தவர்களைவிட, அது கிடந்த இடத்தைக் குறித்து வைத்தவரே நமக்கு அதிகம் தந்து சென்றார் என்பது என் முடிவு. அதற்கான சான்றுகளைக் கீழே வரிசைப்படுத்துகிறேன்.

மாளிகை புதைந்த விதம்

கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது பொம்பெய் நகரின் மீது முதலில் நுரைக்கற்கள் மழையாகப் பொழிந்தன. மலைக்கு மேற்கே கடலோரத்தில் இருந்த ஹெர்குலேனியத்துக்கு நேர்ந்தது வேறு. கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த வெள்ளம் மலைச்சரிவில் அலை அலையாக இறங்கி, நகரையும் கரையையும் மூடி, கடலை அப்பால் தள்ளியது. அடுக்கடுக்காகப் படிந்த அந்தப் பொருள் இறுகி, இருபது மீட்டருக்கும் மேற்பட்ட கனமுள்ள பாறையாயிற்று. நகர மதிலுக்கு வெளியே, வடமேற்கில், கடலைப் பார்த்தபடி ஏறத்தாழ 250 மீட்டர் நீளத்துக்கு விரிந்திருந்த செல்வர் மாளிகையும் அதனுள் அடங்கிப் போனது.

பின்னாளில் நடந்த அனைத்தையும் தீர்மானித்தது இந்தப் புதைவுதான். பொம்பெய்யைப் போல மண்வெட்டியால் வாரிக் கொட்டிவிட்டுத் திறக்க இங்கே வழியில்லை. பாறையைக் குடைந்துதான் உள்ளே போக வேண்டும். அதே பாறைதான் மரத்தையும் கயிற்றையும் உணவையும் தாளையும் காப்பாற்றியது. காற்றுப் புக இடமில்லாததால் அவை எரிந்து சாம்பலாகாமல், வடிவம் மாறாமல் கரியாயின. அழித்ததும் காத்ததும் ஒன்றே என்று எழுதுவது எளிது. அதன் முழுப் பொருளை இங்கே கிடைத்த சுருள்களைப் பார்த்த பிறகுதான் நான் உணர்ந்தேன்.

கிணறும் பளிங்குத் தளமும்

ஹெர்குலேனியத்தின் மேலே ரெசினா என்ற ஊர் வளர்ந்திருந்தது. அதுதான் இன்றைய எர்கொலானோ. அங்கே நிலத்தடியில் பழம்பொருள் இருப்பது பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. கிணறு ஒன்றின் வழியாகப் பழைய நாடக அரங்கின் பளிங்குச் சிலைகள் வெளியே வந்தன. 1738இல் நேப்பிள்ஸ் மன்னர் சார்லஸ் அரசின் சார்பில் முறையான தோண்டலைத் தொடங்கி, அதன் பொறுப்பை ரோக்கே ஹோவாக்கின் தெ அல்குபியெர்ரே என்ற ஸ்பானியப் படைப் பொறியாளரிடம் ஒப்படைத்தார். போர்தீசியில் இருந்த அரண்மனைக்குச் சிலைகளும் ஓவியங்களும் வந்து சேர வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. எந்தக் கட்டடத்திலிருந்து வந்தன என்பதைப் பற்றி அரண்மனைக்குப் பெரிய அக்கறை இருந்ததாகத் தெரியவில்லை.

1750இன் முற்பகுதியில் கிணறு தோண்டிக்கொண்டிருந்தவர்கள் மிக ஆழத்தில் வண்ணப் பளிங்குத் தளம் ஒன்றைத் தொட்டார்கள். ஆப்புப் போல வெட்டிய சிறு பளிங்குத் துண்டுகளை வட்டம் வட்டமாகப் பதித்து அமைத்த தளம் அது. கடலைப் பார்த்திருந்து பொழுது கழிப்பதற்காக மாளிகையின் ஓர் ஓரத்தில் கட்டிய வட்ட மண்டபத்தின் தரை என்பது பிறகு தெரிந்தது. அந்த வட்டத்திலிருந்து புறப்பட்ட சுரங்கம் ஒரு நீண்ட தோட்டப் பாதையைத் தொடர்ந்து போய் மாளிகைக்குள் நுழைந்தது. அல்குபியெர்ரேயின் கீழ் பணிக்குச் சேர்ந்திருந்த வெபரிடம் இந்த இடத்தின் மேற்பார்வை வந்து சேர்ந்தது.

சுரங்கத்துக்குள் வேலை

சுரங்கங்கள் ஓர் ஆள் குனிந்தும் நெருங்கியும் நடக்கும் அளவே இருந்தன. குடைந்தவர்களில் கூலியாள்களும் உண்டு, தண்டனைக் கைதிகளும் உண்டு. கையில் குந்தாலி, பக்கத்தில் எண்ணெய் விளக்கு, தலைக்கு மேலே இருபது மீட்டருக்கும் அதிகமான பாறை, அதற்கும் மேலே ஊராரின் வீடுகள். ஒரு சுவரைக் கண்டால் அதை ஒட்டியே குடைந்து செல்வார்கள். அல்லது அதைத் துளைத்து அடுத்த அறைக்குள் போவார்கள். ஒரு பகுதியில் வேலை முடிந்ததும், புதிதாகக் குடைந்த கல்லையும் மண்ணையும் பழைய சுரங்கத்திலேயே கொட்டி மூடிவிடுவார்கள். மேலே கொண்டு செல்லும் செலவு மிச்சம், ஊர் இறங்கிவிடாமல் தாங்கலும் ஆயிற்று. இதனால் எந்த அறையும் ஒருபோதும் முழுதாகத் திறந்து கிடந்ததில்லை. முந்தைய மாதம் பார்த்த சுவரை இந்த மாதம் திரும்பிப் போய்ச் சரிபார்க்க முடியாது.

இதற்கு மேல், அவ்வூரார் மொஃபெத்தா என்று அழைத்த நச்சுக்காற்றும் இருந்தது. எரிமலை நிலத்தின் பிளவுகளிலிருந்து கசியும் கரியமில வாயு சுரங்கத்தில் தேங்கி நிற்கும்; ஆள் நிற்க முடியாமல் பல தடவை வேலையை நிறுத்த வேண்டி வந்தது. 1750இல் தொடங்கிய தோண்டல் 1761இல் நின்றது. 1764, 1765இல் சிறிது காலம் மறுபடி நடந்து அடியோடு கைவிடப்பட்டது. வெபர் 1764இல் இறந்து போனார்.

அந்தப் பதினைந்து ஆண்டுகளில் எண்பதுக்கும் மேற்பட்ட வெண்கல, பளிங்குச் சிற்பங்கள் இந்த ஒரே மாளிகையிலிருந்து வெளிவந்தன. பண்டைக் காலத்து ஒரே வீட்டிலிருந்து இத்தனை சிற்பங்கள் கிடைத்ததற்கு ஈடு சொல்வது கடினம். ஓடத் தொடங்கும் இளைஞர் இருவர், பாறைமேல் ஓய்வாக அமர்ந்திருக்கும் கிரேக்கத் தேவன் ஹெர்மீஸ், குடிமயக்கத்தில் தோற்பையின் மேல் சாய்ந்து விரலைச் சொடுக்கும் சாட்டிர் என்னும் காட்டுத் தேவன், உடை மடிப்புகளைப் பிடித்து நிற்கும் பெண்டிர் ஐவர், கிரேக்க அறிஞர்களின், அரசர்களின் தலைகள். 1752இல் கிடைத்த, பான் தேவனும் ஆடும் புணரும் பளிங்குச் சிற்பத்தை மட்டும் மன்னர் யார் கண்ணிலும் படாமல் பூட்டி வைக்கச் சொன்னார்.

வெபர் செய்த வேறுபாடு

அல்குபியெர்ரேயின் பொறுப்பில் நடந்த தோண்டலில் நேர்ந்த வேறொரு செய்தியை இங்கே அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். வெண்கல எழுத்துகள் பதித்த கல்வெட்டு ஒன்று கிடைத்தது. வாசகத்தை யாரும் படியெடுக்கவில்லை. எழுத்துகளைச் சுவரிலிருந்து பெயர்த்து, ஒரு கூடையில் அள்ளிப் போட்டு மன்னரிடம் கொண்டுபோய்க் காட்டினார்கள். இவை சொல்வது என்ன என்று கேட்டவர்களுக்கு விடை சொல்ல ஒருவராலும் முடியவில்லை. இதை எழுதி வைத்தவர் ஜெர்மானியக் கலை வரலாற்றறிஞர் விங்கெல்மன். 1762இல் அச்சான அவருடைய பகிரங்கக் கடிதம் அல்குபியெர்ரேயைக் கடுமையாகத் தாக்கியது. நண்டுகளோடு நிலாவுக்கு எவ்வளவு தொடர்போ, பழம்பொருள்களோடு அந்த மனிதருக்கு அவ்வளவே தொடர்பு என்ற இத்தாலியச் சொலவடையை அவர் அதில் எடுத்தாண்டார். அல்குபியெர்ரே சுரங்கப் பணியில் தேர்ந்தவர். ஊர் இடியாமல் ஊருக்கடியில் குடைந்த அந்தத் திறமையை மறுப்பது நேர்மையாகாது. ஆனால் கூடைக்குள் விழுந்த எழுத்துகள் வாக்கியமாகத் திரும்பி வரவேயில்லை.

வெபர் அந்தக் கூடைக்கு நேர்மாறான மனிதர். சிலை கிடைத்ததா என்பதோடு நில்லாமல், அது எந்தத் தூணுக்கு எதிரே, எந்த அறையின் எந்த மூலையில் கிடந்தது என்பதையும் அவர் எழுதினார். கட்டடத்தை ஒரு கட்டடமாகவே பார்த்தார்: வாயில் எங்கே, நடு முற்றம் எங்கே, சதுரத் தூண்முற்றம் எங்கே, அதை அடுத்து ஏறக்குறைய 100 மீட்டர் நீளமுள்ள பெரிய தோட்டமுற்றம் எப்படி விரிகிறது, அதன் நடுவே 66 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் உள்ள குளம் எப்படி அமைந்தது என்று. மேலதிகாரிக்கும் அவருக்கும் இடையே கசப்பு முற்றியிருந்தது. அரண்மனைக்கு வேண்டியது சிலைகள்; இந்த மனிதர் அளவெடுத்துக்கொண்டு நேரத்தைச் செலவிடுகிறார் என்ற எரிச்சல் அங்கே இருந்திருப்பது வியப்பில்லை.

அந்தக் குறிப்புகளின் மதிப்பைக் காட்ட ஓர் எடுத்துக்காட்டுப் போதும். குடிமயக்கத்துச் சாட்டிர் குளத்தின் ஒரு முனையில் இருந்தது என்று வரைபடம் சொல்கிறது. குளக்கரையில் நடப்பவர் கண்ணுக்கு, நீருக்கு அப்பால், அது சாய்ந்து கிடந்திருக்கும். இதை அறியாமல் அருங்காட்சியகத்துப் பீடத்தின்மேல் மட்டும் அதைப் பார்ப்பவருக்கு அது அழகான வெண்கலம். இடத்தை அறிந்து பார்ப்பவருக்கு அது ஒரு தோட்டத்தின் பகுதி, ஒரு வீட்டுக்காரரின் ரசனை, ஒரு மாலை நேரம். அமெரிக்க எண்ணெய்ச் செல்வர் ஜே. பால் கெட்டி கலிபோர்னியாவின் மாலிபு கடற்கரையை ஒட்டித் தம் அருங்காட்சியகத்தை இந்த மாளிகையின் சாயலில் கட்டி 1974இல் திறந்தபோது, கட்டடக் கலைஞர்களுக்கு வழிகாட்டியாக இருந்ததும் வெபரின் வரைபடமே.

கரிக்கட்டை என்று நினைத்தவை

1752 அக்டோபரில் சுரங்கக்காரர்கள் கறுத்த உருளைகள் சிலவற்றைக் கண்டார்கள். விறகுக்கரி என்றோ சுருட்டி வைத்த துணி, வலை என்றோ எண்ணத் தக்கவையாக அவை இருந்தன. எத்தனை உருளைகள் உடைந்தும் எறியப்பட்டும் போயினவோ, கணக்கில்லை. அவற்றில் எழுத்து இருப்பது தெரிந்த பிறகு தேடல் சூடு பிடித்தது. 1754 வரை மாளிகையின் ஐந்தாறு இடங்களில் சுருள்கள் கிடைத்தன. அவற்றில் பெரும்பகுதி வந்தது ஏறக்குறைய மூன்று மீட்டர் சதுரமே உள்ள ஒரு சிற்றறையிலிருந்து. சுவரோரம் மர அலமாரிகள், நடுவே இருபக்கமும் சுருள் அடுக்கத்தக்க ஒரு தட்டு. சுருளை அங்கே உட்கார்ந்து படிக்க இடம் இருந்திராது. எடுத்துக்கொண்டு வெளிச்சமுள்ள தூண்முற்றத்துக்குப் போயிருப்பார்கள். பண்டைய கிரேக்க, ரோமானிய உலகத்திலிருந்து, அடுக்கிய இடத்திலேயே நமக்குக் கிடைத்த நூலகம் இது ஒன்றே. இன்று முழுதும் துண்டுமாக 1,800க்கும் மேற்பட்ட எண்களில் அவை பட்டியலிடப்பட்டுள்ளன.

திறக்கும் முயற்சிகளைப் படிக்கும்போது மனம் வலிக்கிறது. போர்தீசி அருங்காட்சியகப் பொறுப்பாளர் கமில்லோ பதெர்னி சுருள்களை நீளவாக்கில் கத்தியால் பிளந்தார். உள்ளே இருந்த சில பத்திகள் தெரிந்தன. வெட்டுப்பட்ட வரிகள் போயே போயின. பாதரசத்தை ஊற்றிப் பார்த்தவரும் உண்டு. கடைசியில் 1753இல் வத்திக்கான் நூலகத்திலிருந்து அந்தோனியோ பியாஜ்ஜோ என்ற துறவியார் வரவழைக்கப்பட்டார்.

அவர் செய்த கருவி பார்வைக்கு ஒரு சிறிய மரச் சட்டம்தான். சுருளைப் பஞ்சு மெத்தைமேல் கிடத்தி, வெளிப்புறத்தில் விலங்குக் குடலின் மெல்லிய சவ்வைச் சிறு சிறு துண்டுகளாகப் பசையிட்டு ஒட்டி, அதன் விளிம்பில் பட்டு நூல்களைக் கட்டி, அந்நூல்களை மேலேயுள்ள முறுக்காணிகளில் சுற்றுவார்கள். ஆணிகளை மயிரிழை அளவு திருகும்போது, சுருள் தன் எடையாலேயே மெல்ல அவிழும். பசை காயும் வரை காத்திருக்க வேண்டும். கரிந்த தாளில் ஓட்டை வந்தால் நிறுத்தி ஒட்ட வேண்டும். அவிழ்ந்த பகுதியை, கிரேக்கம் படிக்கத் தெரியாத ஓவியர்கள் எழுத்தெழுத்தாக வரைந்துகொண்டார்கள். மொழி தெரியாதவராயின் தம் ஊகத்தை எழுத்தில் கலக்கமாட்டார் என்ற எண்ணம் அதில் இருந்தது. முதல் சுருள் அவிழ ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் ஆயின. அது ஃபிலோடீமஸ் என்னும் கிரேக்க மெய்யியலாளர் இசையைப் பற்றி எழுதிய நூலின் நான்காம் பகுதி, 1793இல் அச்சேறியது. கிரேக்கப் பெண்கவி சாஃபோவின் தொலைந்த பாடல்களையும் ரோமானிய வரலாற்றாசிரியர் லிவியின் தொலைந்த வரலாற்றையும் எதிர்பார்த்திருந்த ஐரோப்பா ஏமாந்து போயிற்று. எனக்கு அந்த ஏமாற்றம் புரிகிறதே தவிர, அதோடு உடன்பட முடியவில்லை. கிரேக்க மெய்யியலாளர் எபிகூரஸின் நெறியினர் தம்முள் என்ன விவாதித்தார்கள் என்பதை அவர்களுடைய சொற்களிலேயே தரும் வேறு நூலகம் நம்மிடம் ஏது?

மாளிகைக்குரியவர் யார்?

இங்கேதான் வெபரின் குறிப்புகள் மறுபடி முன்னுக்கு வருகின்றன. 1753இல் ஓர் அறையில் சிறிய வெண்கல மார்பளவுச் சிலைகள் சில, பெயர் பொறித்தபடியே கிடைத்தன. எபிகூரஸ், அவருக்குப் பின் அவர் பள்ளியை நடத்திய ஹெர்மார்க்கஸ், பேச்சாளர் தெமாஸ்தெனீஸ் ஆகியோர் அவற்றில் அடக்கம். சுருள்களில் மிகுதியும் ஃபிலோடீமஸின் நூல்கள். அவர் எபிகூரஸ் நெறியினர். சிலையும் சுருளும் ஒரே வீட்டில் கிடைத்தன என்பது பதிவாகியிருப்பதால்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று சாட்சியாகின்றன.

ஃபிலோடீமஸுக்கு ஆதரவளித்த செல்வர் லூசியஸ் கல்பூர்னியஸ் பீசோ, கி.மு. 58இல் ரோமின் கான்சல் என்னும் உயர் ஆட்சிப் பதவியில் இருந்தவர், ஜூலியஸ் சீசரின் மாமனார். ஆகவே மாளிகை அவருடையதே என்ற கருத்து வேரூன்றி, இன்று பல எழுத்துகளில் உறுதியான செய்தி போலவே வருகிறது. ஆனால் பீசோவின் பெயர் பொறித்த ஒரு கல்லும் அங்கே கிடைக்கவில்லை. மேலும், அண்மைக் காலத்து ஆய்வாளர்கள் கட்டுமான முறையையும் சுவரோவியப் பாணியையும் கொண்டு, மாளிகையின் மையப்பகுதி கி.மு. முதலாம் நூற்றாண்டின் மூன்றாம் கால்பகுதியில் எழுந்தது என்று கணித்துள்ளனர். அது பீசோவின் வாழ்நாள் இறுதியை ஒட்டியோ அதற்குப் பிந்தியோ விழுகிறது. அவருடைய மகன் கட்டியிருக்கலாம். சுருள்கள் பின்னர் வந்து சேர்ந்திருக்கலாம். பீசோ குடும்பம் என்பதை வலுவான ஊகம் என்ற அளவில் நிறுத்துவதே முறை.

வானம் பார்த்த அகழாய்வு

சுரங்கங்கள் மூடப்பட்ட பின் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக மாளிகை தாளில் மட்டுமே இருந்தது. 1980களில் பழைய கிணற்றைத் திறந்து சில சுரங்கங்களுக்குள் மறுபடி இறங்கினார்கள். 1990களில் மேலிருந்தே பாறையை வெட்டி இறக்கும் அகழாய்வு நடந்தது. முற்றத்தைச் சூழ்ந்த ஒரு பகுதி முதன்முறையாகப் பகல் வெளிச்சத்துக்கு வந்தது. வெபர் வரைந்த இடத்தில் வெபர் வரைந்த சுவர்கள் இருந்தன. சுவர்களில் அவருடைய ஆள்கள் குடைந்த துளைகளும் இருந்தன.

வெபருக்குத் தெரிய வாய்ப்பில்லாத ஒன்றும் அப்போது தெரிந்தது. அவர் வரைந்தது மேல்தளம் மட்டுமே. அதன் கீழே, கடல் நோக்கிய சரிவில், மேலும் தளங்கள் இருந்தன; கரையை ஒட்டி ஒரு மண்டபமும் இருந்தது. 2007இல் அந்தப் பக்கத்தில் தந்தத் தகடு போர்த்திய மர இருக்கையின் பாகங்கள், சமய வழிபாட்டுக் காட்சிகள் செதுக்கியபடி கிடைத்தன.

சுருள்களைத் தொடாமலே படிக்கும் வழியும் இதற்கிடையில் பிறந்தது. கரி மையால் கரித் தாளில் எழுதியது ஊடுகதிருக்கு ஏறத்தாழ ஒரே பொருளாகவே தெரியும். இதுதான் நெடுங்காலத் தடை. அமெரிக்கக் கணினி அறிவியலாளர் பிரென்ட் சீல்ஸ் பல்லாண்டுகளாக உழைத்த முறையின்மேல், 2023இல் வெசூவியஸ் சவால் என்ற பொதுப் போட்டி அறிவிக்கப்பட்டது. மை பட்ட இடத்தில் தாளின் மேற்பரப்பில் மிக நுண்ணிய வெடிப்பு போன்ற தடம் இருப்பதைக் கண்டு, அதைத் தேடக் கணினிக்குக் கற்பித்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில் முதல் சொல் வெளிப்பட்டது: ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். 2024 பிப்ரவரியில் மூன்று இளைஞர்கள் அடங்கிய குழு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட எழுத்துகளைப் படித்துக் காட்டி 7,00,000 டாலர் பரிசைப் பெற்றது. அரிதாகக் கிடைப்பதனாலேயே ஓர் உணவு மிகுதியாகக் கிடைப்பதைவிட இன்பமானதாகிவிடுமா என்று கேட்கும் பகுதி அது. ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் மற்றொரு சுருளின் தலைப்பு 2025இல் படிக்கப்பட்டது: தீய குணங்களைப் பற்றி, ஃபிலோடீமஸ் எழுதியது.

எஞ்சிய சுருள்கள் இன்னும் நூற்றுக்கணக்கில் திறக்கப்படாமல் இருக்கின்றன. கீழ்த்தளங்களில் வேறு நூல்கள், குறிப்பாக லத்தீன் நூல்கள், இருக்கக்கூடும் என்று நம்புவோர் உடனே தோண்ட வேண்டும் என்கிறார்கள். ஏற்கெனவே திறந்த நகரைக் காப்பாற்றவே திணறும்போது புதிதாகத் திறப்பது பொறுப்பில்லாத செயல் என்று காப்புப் பணியினர் மறுக்கிறார்கள். பதிவும் பாதுகாப்பும் உறுதியான பிறகே குந்தாலி இறங்க வேண்டும் என்ற பக்கமே எனக்குச் சரியாகப் படுகிறது. சுருளை வெட்டிய கத்தியையும் எழுத்துகளை அள்ளிய கூடையையும் இந்த இடம் ஒருமுறை பார்த்துவிட்டது. இப்போதைக்கு, அகழ்ந்த பள்ளத்தின் அடியில் ஊறும் நிலத்தடி நீரை எந்திரங்கள் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்த நீர்மட்டத்துக்கு மேலே, கடலைப் பார்த்த கீழ்த்தளச் சுவரில் சாளரங்கள் தெரிகின்றன. அவற்றுக்குப் பின்னால் உள்ள அறைகள் கி.பி. 79இன் பாறையால் நிரம்பியபடியே இருக்கின்றன.